ஆறடி, பத்தடி

நெஞ்சுப் படத்துக்கு ஆறடி.
தெருவுக்குப் பத்தடி.
முதலாவது சம்பளத்துக்கு.
இரண்டாவது, மருந்துக் கவுண்ட்டர் முஸ்தாக்கோடு
போட்டுக்கொண்ட பந்தயத்துக்கு.

லென்சைப் பத்தடியில் பூட்டிவிட வேண்டும்,
துளையைச் சுருக்கிவிட வேண்டும்,
பிறகு கண்ணுக்குக் கொண்டுபோகாமல்
இடுப்போடு வைத்து நடக்க வேண்டும்.
பத்தடி என்றால் எவ்வளவு என்று
உடம்புக்குத் தெரிய
லாங்கு பஜாரில் ஒரு மாதம் ஆயிற்று.
வெங்காய மூட்டையிலிருந்து கடைக்காரரின் கல்லா வரை பத்தடி.
ஆட்டோவின் முன்சக்கரத்திலிருந்து
என் முழங்கால் வரை, அது மூன்று.

காலை வெளிச்சம், மாலை வெளிச்சம் என்கிறார்கள்.
எனக்கு வாய்த்தது ஒன்றேகால் மணி.
டிபன் பாக்ஸைக் கழுவாமல் மூடிவிட்டு வந்த
முப்பத்தைந்து நிமிஷம்.
அந்நேரத்து வேலூரில் நிழல்
ஆளை விட்டு வெளியே வராது,
செருப்புக்கடியில் குந்தியிருக்கும்.
அதனால் நிழல் கொடுக்கிறவற்றைத் தேடினேன்:
தார்ப்பாய், தலைமேல் மடித்துப் போட்ட கட்டைப்பை,
மண்டித் தெருவில் லாரியின் வயிற்றுக்கடியில்
தூங்குகிற கிளீனரின் இரண்டு பாதங்கள்.

வாரம் ஒரு நிபந்தனை.
சிவப்பு மட்டும் என்றான்.
பன்னிரண்டு படத்தில் பதினொன்று தக்காளி,
மார்க்கெட் பக்கம் போனது தப்பு.
முகம் கூடாது என்ற வாரத்தில்
எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள்.
ஒரே மூலையில் நில், நகராதே என்ற வாரத்தில்
மூன்று பேர் என்னிடம் பஸ் விசாரித்தார்கள்.
ஒருவருக்குச் சரியாகச் சொன்னேன்.

இந்த வாரம்: கேட்டுவிட்டு எடு.

இதுதான் கஷ்டம்.
கேட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்,
கல்யாண வீட்டுச் சிரிப்பை எடுத்து மாட்டுகிறார்கள்.
கரும்புச்சாறு எத்திராஜ்
மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்து,
கைகட்டி நின்றார்.
ஈக்கள் மட்டும் இயல்பாக இருந்தன.

வியாழக்கிழமை, காந்தி ரோடு.
லாட்ஜ் வாசலில் ஒருவர்
ஆட்டோவில் மனைவியை உட்காரவைத்துவிட்டு
உறையிலிருந்து ஃபிலிமை உருவி
சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
விலா எலும்புகள்
வெளிச்சமாய் அவர் முகத்தில் விழுந்தன.
காறை எலும்பு புருவத்துக்கு மேல்.
காலையில் நான் எடுத்த படம்.
ஓரத்தில் பெயர்: பாருல் மண்டல், 46.

கேட்க வேண்டும். எந்த மொழியில்?
மூன்று வருஷ வேலையில் எனக்கு வந்த வங்காளம்
மூன்றே வாக்கியம்.
முதல் இரண்டைச் சொன்னேன்:
ஷாஷ் நின். தோரே ராக்குன்.
மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க.

என்னை அடையாளம் தெரிந்ததோ,
என் கோட்டைத் தெரிந்ததோ,
ஃபிலிமை இறக்காமல்
இழுத்துப் பிடித்தார்.
ஆட்டோவுக்குள் அந்த அம்மாளும் பிடித்தார்.
இது அனுமதியா என்று
முஸ்தாக்கிடம் வாதாட வேண்டியிருக்கும்.
அழுத்திவிட்டேன்.

குனிந்து திரையைப் பார்த்தால்
'24 மணி நேரமும் வெந்நீர்' என்ற பலகை
ஊசி மாதிரி தெளிவு.
அவர் கலங்கியிருந்தார்.
பழக்கதோஷம், ஆறடியில் போய் நின்றிருக்கிறேன்.
லாரி வயிற்றுக்காகத் திறந்த துளை
திறந்தபடியே கிடக்கிறது.
பெயரைப் படிக்க முடியவில்லை,
அந்த மட்டுக்கும் நல்லது.

நிமிர்ந்தால்
இரண்டு பேரும் இன்னும் விடவில்லை.
அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
ஐயோ, மூன்றாவது வாக்கியம்!
சாருன், சாருன் என்று கத்தினேன்,
கரும்புச்சாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

விட்டார்கள்.
அந்த அம்மாள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.
எண்பது என்ற ஆட்டோக்காரர்
எழுபது போதும் என்றார், ஏனென்று தெரியவில்லை.

முஸ்தாக் பூச்சியம் போட்டான்.
ஃபோகஸ் இல்லை, அனுமதி சந்தேகம்.
ஆனால் படத்தை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தான்.
அடுத்த வாரம் பிரதிபலிப்பு,
தேங்கின தண்ணீரில் மட்டும்,
கோட்டை அகழி செல்லாது என்றான்.

சித்திரை மாதம். வேலூர்.
ஸ்கேன் ரூமுக்குப் பின்னால்
ஏசி சொட்டுகிற இடத்தில்
ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் இருக்கும்.
காக்கா வருவதற்குள் போக வேண்டும்.